இரண்டு படிக்கு மேல் தாவக் கூடாது

ஜூன் 9

மேம் அவர்களுக்கு,

இது மன்னிப்புக் கடிதம். அப்பா எதிரில் உட்கார்ந்திருப்பதால் முதல் வரியிலேயே அதைச் சொல்லிவிட்டேன். முதல் வரிக்கு மேல் என் கையெழுத்து அவருக்குப் புரியாது. ஆகவே இனி உண்மையைப் பேசலாம்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்கள் வாசலில் கால் வைத்ததும் மிதியடிக்கு அடியிலிருந்து ஒரு பெண் குரல், "எடை அளவுக்கு மேல் உள்ளது. தயவுசெய்து ஒருவர் வெளியேறவும்" என்றதல்லவா? அது பேய் இல்லை. அப்பா ஏதோ ஒரு பழைய லிஃப்டிலிருந்து கழற்றி வைத்திருந்த குரல் பெட்டி. ஒயர் கொடுத்தது நான். நீங்கள் அலறுவீர்கள் என்று ஆசையாகக் காத்திருந்தேன். நீங்களோ ஒரு அடி பின்னால் போய், மறுபடி கால் வைத்து, அது மறுபடி சொன்னதும், "சரி, யாரு வெளியே போறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்று நிதானமாகக் கேட்டீர்கள். அங்கே எனக்கு ஒரு மார்க் போச்சு. சாயங்காலம் போனும் போச்சு. பறிமுதல். அதனால்தான் கடிதம்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். வாழ்க்கையில் ஏற்ற இறக்கம் அதிகம் பார்த்தவர். உங்கள் ஊர் பாங்கில் லிஃப்ட் ரிப்பேருக்கு வந்தார். நீங்கள் லிஃப்டில் மாட்டிக்கொண்டீர்கள், அவர் உங்களிடம் மாட்டிக்கொண்டார். அதுவரை கதை எனக்குத் தெரியும். மிச்சத்தை நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது சொன்னார்: "அவங்க ஆபீஸ்ல ஒரு பெரிய வேலை போயிட்டிருக்கு. அது முடிஞ்சதும் மாற்றல் வாங்கிட்டு, கல்யாணத்தைப் பதிவு பண்ணிட்டு, இங்கேயே வந்துடுவாங்க. உனக்கு சரிதானே?" வாய் நிறைய நுரையோடு நிற்பவளிடம் கேட்கிற கேள்வியா இது? துப்பினேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

நான் நடக்கப் பழகும் முன்பே அம்மா இறந்துவிட்டார். முகம் படத்தில்தான் தெரியும். அதனால் நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விடுவேன் என்று நீங்கள் பயப்பட வேண்டாம். விஷயம் வேறு. இது இரண்டு பேர் வீடு. எல்லாமே இரண்டு பேருக்கு அளந்து வைத்தது. நீங்கள் வந்தால் அதில் நான் எங்கே இருப்பேன்? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

நீங்கள் பார்ப்பது மெயின்ஃப்ரேம் என்கிற பெரிய கம்ப்யூட்டர் வேலையாமே. எங்கள் வீட்டு மெயின் ஃப்ரேம் ஹாலில் மாட்டியிருக்கிறது. அதில் நானும் அப்பாவும் மட்டும்தான். நீங்கள் செய்வது "சிஸ்டம் மேம்பாடு" என்கிறார் அப்பா. மேம் படும் பாடு என்று புரிந்துகொண்டேன். சரியா?

இப்படிக்கு,
(அப்பா பார்க்கும்போது மட்டும்) வருந்தும்
வாலு


ஜூன் 17

வாலுக்கு,

மன்னிப்பு வந்து சேர்ந்தது. எடை பற்றிய தகவலும் சரிதான். போன மாதம் டாக்டரும் அதையே சொன்னார், இவ்வளவு மரியாதையாகச் சொல்லவில்லை.

மேம் படும் பாடு என்பதும் சரி. எங்கள் பாங்கின் கணக்கெல்லாம் ஓடுவது மூன்று பெரிய சிஸ்டங்களில். நாங்கள் அவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறோம். சோதனைக்கு இருப்பவன் பொடியன். மாதக் கணக்கும் வட்டியும் போடுபவர் மாமா. கவுன்ட்டர், ஏடிஎம் எல்லாம் தாங்குபவர் பெரியவர். மூவரும் ஓடுவது பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில். புதிய வெளியீடு நான்கு படி மேலே இருக்கிறது. தயாரித்தவர்கள் ஒரு தாவலுக்கு இரண்டு படி வரைதான் பொறுப்பு ஏற்பார்கள். ஆகவே இரண்டு தாவல். நடுவில் இறங்கி, நின்று, மூச்சு வாங்கி, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. எங்கள் மேலாளர் வாரா வாரம் கேட்கிறார்: "ஒரே தாவா தாவிட்டா என்னம்மா?" விழுந்தால் யார் தூக்குவது என்று நானும் வாரா வாரம் கேட்கிறேன்.

இன்னொரு சிக்கல். மூவருக்கும் டேட்டா ஒன்றுதான். ஒரே வீடு, ஒரே சமையலறை மாதிரி. ஒவ்வொருவராகத்தான் மாற்ற முடியும் என்பதால், கொஞ்ச காலம் புதுசும் பழசும் சேர்ந்தே குடித்தனம் நடத்த வேண்டும். அதற்கு ஒரு வழி உண்டு. புதுசு வருவதற்கு முன்பே பழசுக்கு ஒரு பேட்ச், அதாவது ஒரு ஒட்டு, போட்டுவிடுவோம். புதுசைப் பார்த்துப் பழசு மிரளாமல் இருக்க. புது வெளியீட்டில் வரும் வசதிகளையும் உடனே திறக்க மாட்டோம். பூட்டியே வைத்திருப்போம். அவை பூட்டியிருக்கும்வரை, ஏதாவது கோணலானால் பழையபடி திரும்பிப் போகலாம். திறந்துவிட்டால் திரும்பும் வழி அடைபட்டுவிடும்.

நீ எங்கே இருப்பாய் என்று கேட்டிருந்தாய். எழுத உட்கார்ந்தேன், எழுதினேன், அடித்தேன். எனக்குத் தெரியவில்லை. திட்டம் போடுவது எப்படி என்று மட்டும்தான் தெரியும். அதனால் அதை எழுதினேன்.

மேம்


ஜூன் 24

மேம்,

சுற்றி வளைத்து என்னைப் பழைய வெர்ஷன் என்று சொல்லியிருக்கிறீர்கள். அப்பாவிடம் போய், "அப்பா, நான் பழைய வெர்ஷனா?" என்று கேட்டேன். "நீ எப்பவுமே டெமோ வெர்ஷன்தான். பாதி வேலை செய்யாது" என்றார். குடும்பமா இது?

அதிருக்கட்டும். பழசுக்கு ஒட்டு, புதுசுக்கு மட்டும் ஓட்டா? எனக்கும் ஓட்டு வேண்டும். என் ஓட்டு இரண்டு தாவலுக்கு. முதல் தாவலில் நீங்கள் சனிக்கிழமை வந்து ஞாயிறு போக வேண்டும். எதையும் நகர்த்தக் கூடாது, எந்தப் புது வசதியும் திறக்கக் கூடாது. திரும்பும் வழி திறந்தே இருக்க வேண்டும். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எங்களோடு இரண்டு நாள் இருந்தால் ஓடிப்போகத் தோன்றலாம்.

நீங்கள் மிரளாமல் இருக்கச் சில தகவல்கள். குளியலறைத் தாழ்ப்பாளைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டே தள்ளினால்தான் திறக்கும். போன வருடம் ஒரு விருந்தாளி அரைமணி நேரம் உள்ளேயே குடியிருந்தார். அப்பா தூக்கத்தில், "கதவு மூடுது, கதவு மூடுது" என்பார். யாரும் எழுந்து போய் எதையும் மூட வேண்டியதில்லை. ஹாலில் சோபா கிடையாது. ஒரு பெஞ்சு இருக்கிறது. ஏதோ ஹோட்டலில் பழைய லிஃப்டை உடைத்தபோது அதற்குள் இருந்த மர இருக்கையை அப்பா தூக்கி வந்து கால் வைத்தது. சரியாக இரண்டு பேர் உட்காரலாம். பரீட்சையில் நான் கோட்டை விடும் நாட்களில் நாங்கள் அதில் உட்கார்ந்து பேசாமல் இருப்போம். ரொம்ப நன்றாக இருக்கும். நீங்கள் வரும்போது உங்களுக்கு நாற்காலி. துவைத்த துணியை அதிலிருந்து காலி செய்துவிடுகிறேன்.

வாலு


ஜூலை 29

வாலுக்கு,

என் கைப்பையின் பின்பக்கம் "சோதனைக் கட்டத்தில் உள்ளது, கவனமாகக் கையாளவும்" என்று சீட்டு ஒட்டி அனுப்பியதற்கு நன்றி. ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் ஏன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வந்தார் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

முதல் தாவல் முடிந்துவிட்டது. பொடியன், மாமா, பெரியவர் மூவரும் நடுப்படியில் பத்திரமாக நிற்கிறார்கள். ஒரே ஒரு வேடிக்கை. யாருக்குப் போகிறது என்றே தெரியாத ஒரு பழைய அச்சு வேலை தினமும் ஓடிக்கொண்டிருந்தது. எழுதியவர் ஓய்வு பெற்றுவிட்டார். கேட்டால் எல்லோரும் உதட்டைப் பிதுக்குகிறார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் நாங்கள் செய்வது ஒன்றுதான்: நிறுத்திவிட்டு, யார் கத்துகிறார்கள் என்று பார்ப்பது. நிறுத்தினோம். கொஞ்ச நாள் ஒரு சத்தமும் இல்லை. பிறகு கேன்டீன்காரர் மாடியேறி வந்தார். "யாருங்க என் பேப்பரை நிறுத்தினது? வடை எண்ணெய் இழுக்க வடிகட்டியில அதைத்தான் போடுறேன்!" என்றார். பெரிய பாங்கின் பெரிய சிஸ்டம் இத்தனை வருடமாக எண்ணெய் உறிஞ்சக் காகிதம் அச்சடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

உங்கள் வீட்டுச் சனிக்கிழமைகள் எனக்குப் பிடித்திருக்கின்றன. நாற்காலியும் பிடித்திருக்கிறது.

இங்கே வீட்டுக்காரர் ஆகஸ்ட் கடைசிக்குள் காலி செய்யச் சொல்கிறார். வீட்டுக்காரர் என்றதும் துள்ளாதே, வாடகை வாங்குபவரைச் சொல்கிறேன். ஏதாவது வழி பார்க்க வேண்டும்.

மேம்


ஆகஸ்ட் 28

மேம் அவர்களுக்கு,

நேற்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது வீட்டுக்குள் வேறொரு வீடு இருந்தது. உங்கள் அலமாரி. உங்கள் சாப்பாட்டு மேசை. உங்கள் பச்சை சோபா. ஜன்னலோரத்தில் இருந்த என் படிப்பு மேசை, அலமாரிக்குப் பின்னால், ஏதோ தப்பு செய்ததுபோல் சுவரைப் பார்த்து நிற்கிறது.

பெஞ்சைக் காணவில்லை. அப்பாவிடம் கேட்டேன். "சோபா வந்துடுச்சுல்ல... இடமில்லைன்னு பழைய சாமான்காரர்கிட்ட போட்டுட்டேன்" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். அதற்குள் பலகை பலகையாக அறுத்துவிட்டார்கள்.

நீங்கள் வருவதில் எனக்குக் கோபம் இல்லை. வந்த விதத்தில்தான் கோபம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு தாவல் என்றீர்கள். நடுப்படி என்றீர்கள். எல்லாம் பாங்குக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

இந்தக் கடிதத்தில் ஜோக் எதுவும் இல்லை. தேட வேண்டாம்.


செப்டம்பர் 3

வாலுக்கு,

இந்த வாரம் ஆபீஸில் ஒரு சண்டை. இரண்டாவது தாவல் பாதியில் இருக்கிறது. பொடியனும் மாமாவும் மேலே போய்விட்டார்கள், பெரியவர் இன்னும் நடுப்படியில் நிற்கிறார். டேட்டாவைச் சுருக்கி எழுதும் புது வசதி ஒன்று இருக்கிறது. தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வருகிறார்கள், அதை இப்போதே திறந்து காட்டு என்கிறார் மேலாளர். திறந்தால் மாமா எழுதுவதைப் பெரியவரால் படிக்க முடியாது. திரும்பியும் வர முடியாது. முடியாது என்றேன். "ஒரு பட்டன்தானேம்மா!" என்று மேசையைத் தட்டினார். "பட்டன்தான் சார். சட்டை யாருதுன்னு பாருங்க" என்றேன். இதெல்லாம் உன் சகவாசத்தால் வந்தது. கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார்.

வீட்டுக்காரரிடம் கெஞ்சி ஒரு வாரம் தவணை வாங்கியிருந்த வீட்டுக்கு வெற்றியோடு திரும்பினேன். சாமான் எல்லாம் அனுப்பிவிட்டதால் தரையில் உட்கார்ந்து ரொட்டி தின்றேன். நம்மைவிட ஒழுங்காகத் திட்டம் போடுபவர் இந்த ஊரில் உண்டா என்று நினைத்துக்கொண்டே உன் கடிதத்தைப் பிரித்தேன்.

ஆபீஸில் ஒரு பட்டனுக்காக மல்லுக்கு நின்ற அதே ஆள், உங்கள் வீட்டுக்கு ஒரு லாரியையே அனுப்பியிருக்கிறேன். வீட்டுக்காரர் நெருக்கினார், உன் அப்பா "அனுப்பிடுங்க, அவ ஒண்ணும் சொல்ல மாட்டா" என்றார், எனக்கும் உள்ளுக்குள் அவசரம் இருந்தது. உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீ வேண்டாம் என்பாயோ என்று பயந்துதான் கேட்கவில்லை. அது திட்டம் இல்லை. தாவல்.

லாரிக்காரரிடம் பேசிவிட்டேன். சாமான் எல்லாம் திரும்பி வரும். ஆபீஸ் பக்கத்தில் ஒரு அறை பிடித்திருக்கிறேன். கல்யாணப் பதிவுக்குத் தேதி எதுவும் வேண்டாம் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். போனில் அவர் இரண்டு மாடிக்கு நடுவில் நின்ற லிஃப்ட் மாதிரி இருந்தார். அவரை ரொம்பத் திட்டாதே.

மேசையைத் திரும்ப ஜன்னலோரம் போட்டுவிடலாம். பெஞ்சை என்னால் திருப்பித் தர முடியாது. அதற்கு என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை.

மேம்


செப்டம்பர் 15

மேம்,

லாரி வந்தது. டிரைவர் அண்ணன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தார். "போன வாரம் இறக்கினதையே இப்ப ஏத்தச் சொல்றீங்க. வீட்டை மாத்துறீங்களா, மனசை மாத்துறீங்களா சார்?" அப்பா பதில் சொல்லாமல் சோபாவின் ஒரு முனையைத் தூக்கினார். மறுமுனையை நான் தூக்கினேன். கனம் என்றால் அப்படி ஒரு கனம். உள்ளே என்ன, மாமா உட்கார்ந்திருக்கிறாரா?

இப்போது ஹாலில் உங்கள் நாற்காலியைத் தவிர எதுவும் இல்லை. பேசினால் எதிரொலிக்கிறது. அப்பாவும் நானும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. நான்காம் நாள் அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "கேட்டிருக்கணும். நீ இல்லாதப்ப முடிச்சுட்டா சுலபம்னு நெனச்சேன்" என்றார். "லிஃப்டுல ஆள் இருக்கும்போது கயித்தை மாத்துவீங்களா?" என்று கேட்டேன். "மாட்டேன்" என்றார். அதற்குமேல் திட்ட எனக்கு ஒன்றும் இல்லை.

நீங்கள் சாமானை அனுப்பியதற்குத் திட்ட ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். திருப்பி எடுத்துக்கொண்டதும் அது வீணாகிவிட்டது. இப்படியெல்லாம் செய்தால் ஒருத்தி எப்படிக் கோபமாக இருப்பது?

சனிக்கிழமை வரலாம். நடுப்படி வரைக்கும்தான். நாற்காலி அங்கேயே இருக்கிறது.

வாலு


அக்டோபர் 20

வாலுக்கு,

பெரியவர் ஏறிவிட்டார்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரை அணைத்தோம். புதிய வெளியீட்டோடு எழுப்பினோம். எழுந்து வருவதற்குள் என் உதவியாளர் பேனா மூடியைக் கடித்தே தின்றுவிட்டார். திரையில் ஒவ்வொரு வரியாக வந்தது. கடைசி வரி வந்ததும் ஏடிஎம்மைத் திறக்கச் சொன்னோம். மேலாளர் தானே கீழே போய் வரிசையில் நின்று பணம் எடுத்துப் பார்த்தார். நோட்டை ஆட்டிக்கொண்டே மேலே ஓடி வந்தார். "வந்துடுச்சும்மா! என் பணம் எனக்கே வந்துடுச்சு!" கேன்டீன்காரர் எல்லோருக்கும் டீ கொண்டு வந்தார், "இனிமே என் பேப்பருக்கு என்ன வழி?" என்று கேட்டுக்கொண்டே.

மூவரும் மேலே இருக்கிறார்கள். புது வசதிகளை இன்னும் திறக்கவில்லை. மாதக் கடைசிக் கணக்கு ஒருமுறை ஒழுங்காக ஓடி முடியட்டும் என்று காத்திருக்கிறேன். இந்தத் தடவை மேலாளரும் அவசரப்படுத்தவில்லை. "நீங்க சொல்லும்போது திறக்கலாம்மா" என்கிறார்.

மாற்றல் கடிதம் கையில் இருக்கிறது. எந்தத் தேதியில் வேண்டுமானாலும் சேரலாம் என்கிறார்கள். இதைத் தகவலுக்காக மட்டும்தான் எழுதுகிறேன். நெருக்குவதற்கு இல்லை. உண்மையாகவே இல்லை. இந்தப் பத்தியை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன்.

மேம்


நவம்பர் 2

மேம்,

முதலில் பெரியவருக்கு என் வாழ்த்து. மேலாளருக்கு அவர் பணம் கிடைத்ததற்கும்.

நேற்று அப்பாவும் நானும் மரச்சாமான் கடைக்குப் போனோம். தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து அப்பாவின் முட்டி எண்ணெய் போடாத லிஃப்ட் மாதிரி கத்துகிறது. கடையில் இரண்டு பேர் உட்காரும் பெஞ்சு ஒன்று இருந்தது. நல்ல மரம். விலையும் சரியாக இருந்தது. அப்பா அதைத் தடவிப் பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார், என்னையும் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். இரண்டு பேரும் எதிரில் இருந்த கண்ணாடியில் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைக்காரர் வந்தார். "கனகச்சிதமா இருக்கு சார். பில் போட்டுடவா?"

அப்பா வாயைத் திறக்கவே இல்லை. எனக்குத் தெரியும், இனி எதுவாக இருந்தாலும் நான்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று அவர் சபதம் எடுத்திருக்கிறார். தண்ணீர் குடிப்பதற்குக்கூட என் முகத்தைப் பார்க்கிறார். தாங்க முடியவில்லை.

"இதே மாதிரி மூணு பேர் உக்கார்ற மாதிரி கிடைக்குமா?" என்று கேட்டேன்.

"இருப்பு இல்லம்மா. ஆர்டர் கொடுத்தா செஞ்சு தருவோம். ஆனா ஒண்ணு, அளவு சொல்லிச் செஞ்சதைத் திருப்பி எடுக்க மாட்டோம். அப்புறம் வந்து, வேணாம், மாத்திக் கொடுன்னு நிக்கக் கூடாது. நல்லா யோசிச்சுக்குங்க."

அப்பா என்னைப் பார்த்தார். அவர் கண்ணை அவ்வளவு பெரிதாக நான் பார்த்ததே இல்லை.

"யோசிச்சாச்சு. போடுங்க" என்றேன்.

கடைக்காரர் அளவு எழுதிக்கொண்டிருந்தபோது அப்பா திடீரென்று சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியை ரொம்ப ஆர்வமாகப் படிக்கப் போய்விட்டார். போன வருடத்து நாட்காட்டி. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

பெஞ்சு மாதக் கடைசியில் வருகிறது. அதற்குள் அந்த மாற்றல் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்து சேருங்கள். அலமாரி, மேசை எல்லாம் எங்கே போடுவது என்று மூன்று பேரும் நின்று சண்டை போட்டு முடிவு செய்யலாம். பச்சை சோபா மட்டும் வேண்டாம், சத்தியமாகப் பார்க்கச் சகிக்கவில்லை.

அப்பா ஓரத்தில் உட்காரட்டும், முட்டியை நீட்டிக்கொள்ள வசதி. நீங்கள் இந்த ஓரம். நடு இடம் எனக்கு.

வாலு